முதல் ஓட்டம் முன்னுக்கு

என் வாழ்க்கையில் நான் ஆகவும் வெறுத்த வசனம் ஒன்று உண்டு. "என்னை ஒருக்காக் கொண்டுபோய் விடுவியளோ?" சின்ன வயதில் அண்ணையிடம், பிறகு அயலட்டையில் சைக்கிள் வைத்திருந்தவர்களிடம், கலியாணம் முடிந்து வந்தபின் கணவரிடம் என்று அதைக் கேட்டுக் கேட்டே வளர்ந்தவள் நான். குழந்தையில் வந்த இளம்பிள்ளைவாதம் என் இடது காலைச் சூம்ப வைத்துவிட்டது. புதிதாகப் பார்ப்பவர்கள் "ஷெல் பட்டதோ?" என்று இரக்கத்தோடு கேட்பார்கள். இல்லை என்று சொன்னால் அவர்கள் முகத்தில் கொஞ்சம் ஏமாற்றம் தெரியும். விந்தி விந்தி நடப்பேன். சைக்கிள் சரிவராது. பஸ் படி என்னைத் தடுக்கவென்றே உயரமாகச் செய்தது போலிருக்கும். ஆகவே கேட்க வேண்டும். கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை நிற்க வேண்டும். மாட்டோம் என்று ஒருவரும் சொன்னதில்லை. "பொறு பிள்ளை, பாப்பம்" என்பார்கள். அந்தப் பொறுத்து நிற்கிற நேரம்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

சில வருடங்களுக்கு முன் ஒரு பழைய யப்பான் கார் எங்கள் சண்டிலிப்பாய் வீட்டுக்கு வந்தது. ஓட்டோ கியர். அதில் கிளச் கிடையாது, இடது காலுக்கு ஒரு வேலையும் இல்லை. வலது கால் ஒன்று போதும். அந்தக் காரை நான் ஓட்டப் பழகிய நாளோடு அந்த வசனமும் என்னை விட்டுப் போனது. நான் தையல்காரி. பள்ளிக்கூடச் சட்டைகளும் பிளவுசுகளும் தைத்து அச்சுவேலியில் ஒரு கடைக்குக் கொடுக்கிறேன். முன்பெல்லாம் சாக்கைக் கட்டி வைத்துக்கொண்டு யார் அந்தப் பக்கம் போகிறார்கள் என்று வாசற் படலையைப் பார்த்தபடி இருப்பேன். கார் வந்தபின் நானே போனேன், நானே வந்தேன். மனம் வந்தால் அப்படியே பிறந்த ஊரான வல்வெட்டித்துறைக்கு விட்டு, கடற்கரையோரம் காரை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி வைத்துக்கொண்டு சும்மா இருந்துவிட்டு வருவேன்.

என் கணவர் தோட்டக்காரர். வெங்காயமும் பீற்றூட்டும் புகையிலையும் அவருடைய உலகம். இளவயதில் கூட்டுறவுச் சங்கத்து லொறி ஓட்டியவர் என்பதால் ஓட்டோ கியரை அவர் வாகனமாகவே மதிப்பதில்லை. "கால் சும்மா கிடந்தா நித்திரை தூங்கும்" என்பார். அது சொல்கிற காரணம். சொல்லாத காரணம் எனக்குத் தெரியும். மனுசி ஓட்ட, பக்கத்தில் இருந்துகொண்டு சந்தியைக் கடக்க அவருக்கு வெட்கம். இரண்டு பேரும் ஒரே கலியாண வீட்டுக்குப் போனாலும், "நான் முன்னுக்குப் போய் வாகனம் விட இடம் பாக்கிறன்" என்று மோட்டார் சைக்கிளில் கிளம்பிவிடுவார். மாரி மழையிலும் நனைந்துகொண்டு எனக்கு இடம் பார்த்தவர் அவர். நான் இதைச் சொல்லிச் சிரித்ததுண்டு. ஆனால் முழுக்கச் சிரிப்பென்று சொல்ல முடியாது.

அப்படியிருக்க, ஒரு வெயில் நாளில் மருதனார்மடத்துப் பக்கம் வரும்போது கார் நின்றது. நின்றது என்றால் எஞ்சின் நிற்கவில்லை. அது ஊரைக் கூட்டிக் கத்தியது, சில்லுத்தான் சுற்றவில்லை. கொஞ்சம் ஆறவிட்டால் நகரும், சூடேறினால் மறுபடி கத்தும். கணவரை வரவழைத்து, ஒருவழியாகக் கராச்சுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தோம். கராச்சுக்காரர் கியர் பெட்டியின் ஒயிலை விரலில் தொட்டு எங்கள் மூக்குக்கு நேரே நீட்டினார். கருகிப்போன தோசையின் மணம்.

"உள்ளுக்கு பிளேற் எல்லாம் எரிஞ்சுபோச்சு. உந்தப் பெட்டியோடை மினைக்கெடாதேங்கோ" என்றார். "தூக்கிப்போட்டு ஒரு கையால போடுற கியர் பூட்டித் தாறன். சாகும்வரைக்கும் ஓடும்."

"எனக்குக் கிளச் மிதிக்க ஏலாது" என்றேன்.

"அதுக்கென்ன அக்கா? ஐயா ஓட்டுவார்தானே. நீங்கள் பக்கத்திலை வடிவா இருந்து வரலாம்."

அவர் நல்ல மனிதர், நல்லதென்று நினைத்துத்தான் சொன்னார். எனக்கோ உள்ளங்கால் வரை எரிந்தது. வடிவாகப் பக்கத்தில் இருப்பதற்கு நான் என்ன பூச்சாடியா? அதைவிட மோசம், கணவர் ஒன்றும் பேசாமல் நின்றது. அவருக்கு ஓட்டத் தெரிந்த கியர் வரப்போகிறது, கார் அவர் கைக்குப் போகப்போகிறது, நான் மறுபடியும் படலையடியில் சாக்கோடு நிற்கப்போகிறேன். இதுதான் அந்தச் சில நிமிடங்களில் என் தலைக்குள் ஓடியது. காரை ஆறவிட்டு ஆறவிட்டு நான் வீட்டுக்கு ஓட்டி வர, அவர் மோட்டார் சைக்கிளில் பின்னால் வந்தார். எங்களில் ஒருவர் வாயைத் திறந்திருந்தால் அன்றைக்கு ஒரு போர் நடந்திருக்கும்.

மறுநாள் காலையில் மாட்டுக்கொட்டில் பக்கம் சத்தம் கேட்டுப் போய்ப் பார்த்தேன். மாடு இல்லாத கொட்டிலைக் கூட்டிக் கழுவி, நிலத்தில் படங்குச் சீலையை விரித்துவிட்டு, கிணற்றிலிருந்து பம்பை ஏற்றி இறக்க வைத்திருந்த பனஞ்சிலாகைத் தடிகளை முக்காலியாகக் கட்டிக்கொண்டிருந்தார்.

"என்ன செய்யிறியள்?"

"கழட்டிப் பாப்பம்" என்றார். "பாழாய்ப்போனதை நாங்கள் இன்னும் என்ன பாழாக்கப் போறம்? உம்மடை அண்ணையையும் வரச் சொல்லும். பாரம் தூக்கிற செயின் புளொக்கைக் கொண்டரட்டாம்."

அவ்வளவுதான். உள்ளே போய்த் தேத்தண்ணீர் போட்டேன், வழக்கத்தைவிடச் சீனி கூடப் போட்டு.

அண்ணை வல்வெட்டித்துறையில் வள்ளங்களுக்கு எஞ்சின் பார்ப்பவர். தன்னை விட்டால் ஆளில்லை என்ற எண்ணம் அவருக்கு நிறைய உண்டு. அதை அவர் மறைப்பதுமில்லை. மோட்டார் சைக்கிளின் பின்னால் செயின் புளொக்கைக் கட்டிக்கொண்டு வந்திறங்கியவர் காரைச் சுற்றி ஒரு தரம் நடந்தார்.

"கடலுக்கை கியர் போய் நிண்டா, கராச்சுக்காரன் வருவானோ? நாங்களே கழட்டி நாங்களே பூட்டிக்கொண்டு கரைக்கு வாறனாங்கள். இது தரையிலைதானே நிக்குது."

"தரையிலை நிக்கிறதாலைதான் மச்சான் அது எங்களுக்கு மேலை விழாமல் வேலை செய்ய வேணும்" என்றார் என் கணவர்.

இரண்டு பேருக்கும் இது வழக்கம். ஒருவர் பம்பை வைத்து உலகத்தை அளப்பார், மற்றவர் வள்ளத்தை வைத்து. நடுவில் நான் கைத்தொலைபேசியோடு நின்றேன். எங்கள் காரைப் போன்ற ஒன்றின் கியர் பெட்டியை யாரோ ஒருவர் தன் வீட்டு முற்றத்தில் கழற்றும் வீடியோவைக் கண்டுபிடித்திருந்தேன். அவர் பேசியது எந்த நாட்டுப் பாஷையோ தெரியாது. ஆனால் கை பேசியது விளங்கியது. தையல் பழகியதும் நான் அப்படித்தான். ரீச்சரின் வாயைப் பார்த்து அல்ல, விரலைப் பார்த்து.

முதலில் பற்றரியைக் கழற்றினோம். ஒயிலை வடித்தோம். முன்சில்லுகளைக் கழற்றி, பெட்டிக்குள் செருகியிருந்த இரண்டு தண்டுகளையும் அலவாங்கு கொடுத்து நெம்பி எடுத்தார்கள். எஞ்சின் கீழே இருந்துவிடாமல் குறுக்கே ஒரு பனங்கட்டையை வைத்துச் சங்கிலியால் கட்டித் தொங்கவிட்டார்கள். கழற்றிய ஒவ்வொரு போல்ற்றையும் நான் வாங்கி, அது இருந்த துளையிலும் விரித்து வைத்த பழைய சேலைத் துணியில் அது கிடந்த இடத்திலும் தையல் சோக்கால் ஒரே அடையாளம் போட்டேன். "எல்லாம் ஒரே போல்ற்தானே பிள்ளை" என்று அண்ணை சிரித்தார். ஒரே போல இருக்கிற இரண்டு கையை மாறித் தைத்தால் சட்டை என்னவாகும் என்று அவருக்கு யார் சொல்வது? சில போல்ற் மற்றதைவிட விரற்கடை நீளம் என்று பூட்டும்போது கண்டார். அப்போதும் ஒத்துக்கொள்ளவில்லை, "எனக்கு முதலே தெரியும்" என்றார்.

பெட்டி ஆடி ஆடி இறங்கியபோது எஞ்சினுக்கும் அதற்கும் நடுவே இருக்கிற பெரிய இரும்பு உருண்டையும் கூடவே வந்தது. எஞ்சினின் சுற்றை ஒயிலின் வழியாகப் பெட்டிக்கு எடுத்துக்கொடுப்பது அதுதான். அதற்கு ஆங்கிலத்தில் ஒரு பெயர் இருக்கிறது. நாங்கள் பூசணிக்காய் என்றே பெயர் வைத்துவிட்டோம். பூசணிக்காயை இழுத்து எடுத்ததும் உள்ளே நின்ற கறுத்த ஒயில் அண்ணையின் சாரத்தை நனைத்தது. கடலில் இப்படி ஒருநாளும் நடந்ததில்லை என்றார்.

உள்ளே பார்த்தபோதுதான் அந்தப் பெட்டி எப்படி வேலை செய்கிறது என்று எனக்கு விளங்கியது. வளையமான தட்டுகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. ஒயில் அழுத்த, அவை ஒன்றையொன்று இறுகப் பிடிக்கும். பிடித்தால் கார் ஓடும். எங்கள் தட்டுகள் பிடிக்க ஒன்றுமில்லாமல் மொட்டையாகிக் கிடந்தன. அழுத்தம் போகாமல் தடுக்கிற றப்பர் சீல்களும் காய்ந்து வெடித்திருந்தன. பெட்டிக்குக் கீழே, குறுக்கும் நெடுக்குமாக வாய்க்கால் ஓடும் ஒரு இரும்புப் பலகை இருந்தது. அதை நாங்கள் திறக்கவில்லை. திறந்தவர்கள் வீடியோவில் அழாக்குறையாக நின்றதைப் பார்த்தபின் அண்ணைக்குக்கூட அந்தத் துணிவு வரவில்லை.

தட்டுகளும் சீல்களும் கொழும்பிலிருந்து பஸ்ஸில் பார்சலாக வந்தன. வந்த உடனே கணவர் புதுத் தட்டுகளை மண்ணெண்ணெயில் கழுவி வெயிலில் காயவைக்கப் போனார். பம்புக்கு எதை வாங்கினாலும் அவர் செய்கிற முதல் வேலை அது. நான் ஓடிப்போய்ப் பறித்தேன். ஓடினேன் என்பது ஒரு பேச்சுக்கு.

"உதை ஒயிலிலை ஊறப்போட வேணும். அந்தாள் வீடியோவிலை போட்டவர்."

"புதுசை ஏன் ஊறப்போடுவான்?"

"உழுந்தும் புதுசுதானே, ஊறப்போடாமல் வடை சுடுவியளோ?"

என் குசினிப் பேசினிலேயே சிவந்த ஒயிலை ஊற்றித் தட்டுகளை ஊறவிட்டேன். அந்தப் பேசின் பிறகு ஒருநாளும் குசினிக்குத் திரும்பவில்லை.

சீல் போடுகிற வேலை என்னிடம் வந்தது. மெல்லிய றப்பர் விளிம்பு மடியாமல், கிழியாமல் உள்ளே இறங்க வேண்டும். அண்ணையின் விரல் ஒவ்வொன்றும் வள்ளத்துக் கயிற்றின் தடிப்பு. ஒன்றை மடித்து வெட்டிவிட்டு, சீல்தான் பிழையென்றார். நான் பாவாடைக்கு நாடா கோக்கிற மொட்டை ஊசியை எடுத்து வந்து, விளிம்பைச் சுற்றிவரத் தடவித் தடவி உள்ளே தள்ளினேன். கழுத்துக்கு பைப்பிங் வைப்பதும் இதுவும் ஒன்றுதான். 'லபக்' என்று அது போய் இருந்தபோது இரண்டு பேரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு எவ்வளவு சந்தோசம் என்று சொல்லத் தெரியவில்லை. என் காரை நானே தைத்துக்கொண்டிருக்கிறேன் என்று தோன்றியது.

பெட்டியைத் திரும்ப ஏற்றிப் பூட்டி முடித்த அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. அதுவும் தற்செயல் அல்ல. கணவர் பஞ்சாங்கம் பார்த்துத்தான் கடைசி நட்டை இறுக்கினார். காரைக் கழுவி, திருநீறு பூசி, பொட்டு வைத்து, நான்கு சில்லுக்குக் கீழும் தேசிக்காய் வைத்தார். கார் ஆரம்பத்திலிருந்தே படலையைப் பார்த்தபடிதான் நின்றது.

"ஒருக்கா ரிவேர்ஸ் போட்டுப் பாக்கட்டோ?" என்று கேட்டேன்.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் "சீச்சீ!" என்றார்கள். அவர்கள் ஒத்துப்போன ஒரே இடம் அது.

"முதல் ஓட்டம் முன்னுக்குத்தான் போக வேணும்" என்றார் கணவர். "ஆரும் பின்னுக்குப் போய்த் தொடங்குவினமோ?"

"வள்ளமும் அப்பிடித்தான்" என்றார் அண்ணை.

நானும் மறுக்கவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கும் பின்னுக்குப் போய்த் தொடங்க மனமில்லை. கற்பூரம் எரிந்தது. லீவரை இழுத்து முன்னோட்டத்தில் போட்டேன். ஒரு சின்ன உதறல். தேசிக்காய்கள் நசிந்த சத்தம் கேட்டது. கார் போனது! கத்தவில்லை, வழுக்கவில்லை, வெண்ணெயில் போகிற கத்தி மாதிரிப் போனது. பின்னால் மோட்டார் சைக்கிளில் அண்ணையும் அவருக்குப் பின்னால் பட்டு வேட்டியோடு என் கணவரும் வந்துகொண்டிருந்தார்கள். அன்றைக்கும் அவர் காரில் ஏறவில்லை. ஏறச் சொல்லி நான் கேட்கவுமில்லை. பின்சீற்றில் அச்சுவேலிக் கடைக்குரிய சட்டைச் சாக்கு மட்டும் இருந்தது. கோயில் வாசலில் ஒரு சிதறு தேங்காய், பிறகு நேரே அச்சுவேலி என்பது திட்டம்.

எங்கள் ஒழுங்கை ஒரு வாகனம் போகத்தான் அகலம் காணும். இரண்டு பக்கமும் மதில். எதிரெதிரே இரண்டு வந்தால், எது திருப்பத்துக்குக் கிட்ட நிற்கிறதோ அது பின்னுக்கு எடுத்து வழிவிட வேண்டும்; ஒருவரும் எழுதி வைக்காத சட்டம், ஆனால் எல்லோருக்கும் தெரியும். கோயிலில் தேங்காய் உடைத்துவிட்டு, சந்திக்குப் போக அதற்குள் நுழைந்து கொஞ்சத் தூரம் போனதும் எதிரே வெங்காயப் பிடிகள் ஏற்றிய ஒரு உழவு இயந்திரம் வந்தது. திருப்பத்துக்குக் கிட்ட நின்றது நான்தான்.

ரிவேர்ஸில் போட்டேன். எஞ்சின் உறுமியது. கார் அசையவில்லை. எடுத்துவிட்டு மறுபடி போட்டேன். அசையவில்லை. கருகிய மணம் வருகிறதா என்று மூக்கை உறிஞ்சினேன். எல்லாம் போயிற்று, இனிக் கராச்சுக்காரர் சொன்ன கியர்தான், நான் பக்கத்தில் இருக்கிற பூச்சாடிதான் என்று நினைத்தேன். அழுகை வந்தது. அதை விழுங்கிக்கொண்டு ஸ்ரியறிங்கைப் பிடித்தபடி இருந்தேன்.

"என்ன அக்கா, ரிவேர்ஸ் இல்லையோ?" என்று உழவு இயந்திரக்காரர் மேலிருந்து கேட்டார். "பூட்டினவை பின்னுக்குப் போட்டுப் பாக்கேல்லையோ?"

பின்னால் வந்த இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அண்ணை பொனற்றைத் திறந்தார். லீவரை மாற்றி மாற்றிப் போடச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் அவர் சிரிக்கும் சத்தம் கேட்டது. உள்ளே ஒன்றும் பழுதில்லை. நான் போடுகிற லீவரிலிருந்து பெட்டிக்குப் போகிற கம்பியைப் பூட்டியபோது நட்டைக் கொஞ்சம் தள்ளி இறுக்கியிருக்கிறார்கள். முன்னோட்டத்துக்கு அது காணும், ரிவேர்ஸுக்கு எட்டவில்லை. வீட்டில் ஒரு சாண் பின்னுக்கு எடுத்திருந்தால் அங்கேயே தெரிந்திருக்கும். முந்தின நாள் 'கம்பியை நான்தான் பூட்டினனான்' என்று ஆளாளுக்குப் பெருமையடித்தது எனக்கு நல்ல ஞாபகம். இப்போது இரண்டு பேரும் அதைத் தொட்டதே இல்லையாம்.

நட்டைத் தளர்த்தி, இழுத்து, இறுக்கினார்கள். உழவு இயந்திரக்காரர் இறங்கி வந்து புத்தி சொன்னார். ரிவேர்ஸில் போட்டேன். கார் மெல்ல ஒரு உலுக்கு உலுக்கிப் பின்னுக்கு நகர்ந்தது. எனக்குத் தாங்கவில்லை, கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

அப்போது இடது பக்கக் கதவு திறந்தது. கணவர், கை முழுக்கக் கிறீசும் வேட்டியில் ஒரு கறுப்புப் பட்டையுமாக, ஏறி உட்கார்ந்தார்.

"மதில் கிட்ட நிக்குது. இந்தப் பக்கம் நான் பாத்துச் சொல்லுறன். வாரும்… வாரும்… கொஞ்சம் ஒடியும்… இன்னும் வாரும்."

திருப்பம் வரை பின்னுக்கு வந்தேன். உழவு இயந்திரம் ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது. அண்ணை மோட்டார் சைக்கிளோடு மதிலோரம் நின்று, ஏதோ வள்ளத்தைக் கரையேற்றியவர் போலக் கையைக் காட்டினார். அலுவல் முடிந்தது, இனி இவர் இறங்கி அவருக்குப் பின்னால் ஏறுவார் என்று நான் காத்திருந்தேன். அவர் இறங்கவில்லை. கிறீஸ் கையை வேட்டியில் துடைத்தார். முன்கண்ணாடியைப் பார்த்தார். நேரே போனால் சந்தி. சந்தியில் தேத்தண்ணீர்க் கடை. கடை வாங்கில் அவருடைய ஆட்கள் எல்லோரும் இருக்கும் நேரம்.

"இஞ்சாரும்" என்றார். "பம்புக்கு ஒரு வாசர் எடுக்க வேணும். அச்சுவேலி மட்டும் என்னையும் ஒருக்காக் கொண்டுபோய் விடுவீரோ?"

வாசர் பக்கத்து மானிப்பாயிலும் கிடைக்கும். அது இரண்டு பேருக்கும் தெரியும்.

கேட்டுவிட்டு அவர் என் முகத்தைப் பார்க்காமல் இருந்தார். பதில் வரும்வரை இருக்கிற அந்த நேரம் எப்படிப்பட்டது என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? ஆகவே நான் அவரைப் பொறுக்க வைக்கவில்லை.

"பெல்ற்றைப் போடுங்கோ" என்றேன்.